14ஆம் இலக்கம் எந்த மாடு? மட்டக்களப்பு, அம்பாறை கால்நடை வளர்ப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கால்நடை வளர்ப்போர் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், பட்டி வைத்திருக்கும் மாமாமார், அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கரடியனாற்றுப் பக்கம் பட்டி வைத்திருப்பவன். மாமாவிடமிருந்து என் கைக்கு வந்த பட்டி. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் மாடுகளை மாதவணை மேய்ச்சல்தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய், அறுவடை முடிந்ததும் வயல் தாளில் மேயத் திருப்பிக் கொண்டுவருகிற உங்களில் ஒருவன். சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்ல இரண்டு தடவை எழும்பினேன். மேய்ச்சல்தரைப் பிரச்சினை, பால் விலை, தண்ணீர் என்று அவசரமான கதைகளே நிறைய இருந்ததால் என் கதைக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, வைகாசி மாதத்தில், என் பட்டியில் மூன்று மாடுகள் அடுத்தடுத்துக் குறைமாதத்தில் கன்று வீசின. மூன்றும் ஆறு, ஏழு மாதச் சினை. கால்நடை வைத்தியரிடம் ஓடினேன். அவர் பட்டிக்கே வந்தார். வந்ததும் என்னிடம் கேட்டவை நான்கே கேள்விகள்தான். கன்று வீசிய மாடுகள் எவை? அவற்றுக்கு இது எத்தனையாவது சினை? போன தடவையும் இப்படி விழுந்ததா? எந்த நாம்பன் (காளை) சேர்ந்தது? நான் மூன்று மாடுகளையும் கையால் காட்டினேன். மற்ற மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அவர் 38 மாடுகளுக்கு இரத்தம் எடுத்தார். ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் இலக்கம் எழுதினார். அதே இலக்கத்தை மாட்டின் பின்பக்கத்தில் நெல் மூட்டைக்கு இலக்கம் போடுகிற மையால் நாங்கள் எழுதினோம். முடிவு வரும்வரை அது நிற்கும் என்று நினைத்தோம். முடிவு வர மூன்று கிழமைக்குக் கிட்ட ஆனது. அதற்குள் ஒரு மாலை இடி மழை பெய்தது. மாடுகள் மரத்தில் உரசின, சேற்றில் படுத்தன. கடைசியில் தாள் வந்தது. 14, 22, 31 ஆகிய மூன்று இலக்கங்களிலும் நோய் இருக்கிறது என்று எழுதியிருந்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டிக்கு நடுவில் நின்றேன். 22 என்ற எழுத்து ஒரு கறுப்பியின் தொடையில் அரைகுறையாகத் தெரிந்தது. மற்ற இரண்டும் எவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கன்று வீசிய மூன்றுமாகத்தான் இருக்கும் என்று பட்டியில் நின்ற பெடியன் சொன்னான். ஆனால் அந்தக் கறுப்பி கன்று வீசிய மாடே இல்லை. முழுப் பட்டிக்கும் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டி வந்தது. இரண்டாவது தடவை எடுத்தபோது இருந்தவை 37. இடையில் பங்காளி ஒருவர் தன் மாடொன்றை விற்றுவிட்டார். அது எந்த ஊருக்குப் போனது என்று தெரியும். அது 14ஆ இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

அந்த நோய்க்குப் பெயர் புருசெல்லோசிஸ். நம் பக்கத்தில் பலரும் கன்று வீச்சு நோய் என்றே சொல்கிறோம். கன்று வீசிய இடத்தில் விழும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி இருக்கும். மற்ற மாடு அதை முகர்ந்து நக்கினால் ஒட்டிக்கொள்ளும். மனிதருக்கும் வரும். வெறுங்கையால் செத்த கன்றை இழுத்து எறிபவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மூட்டுகள் நோகும், மாதக்கணக்கில் உடம்பு தேறாது. நோய் பிடித்த மாடு ஒரு தடவை வீசிவிட்டு அடுத்த சினையில் ஒழுங்காகக் கன்று போடக்கூடும். பார்த்தால் நல்ல மாடாகவே நிற்கும். ஆனால் கிருமியைப் பரப்பிக்கொண்டேயிருக்கும். அதனால் கண்ணால் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. எந்த மாடு, எப்போது வீசியது, இரத்தத்தில் என்ன வந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் பிரிக்கலாம்.

தடுப்பூசியிலும் இதே சிக்கல்தான். அது நாகு கன்றுகளுக்கு, அதாவது பெண் கன்றுகளுக்கு, சிறு வயதிலேயே, பொதுவாக நான்கு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில், ஒரே ஒரு தடவை போடும் ஊசி. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து. சினை மாட்டுக்குப் போட்டால் கன்று விழக்கூடும். நாம்பனுக்குப் போடவே கூடாது. வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் பிறகு இரத்தம் பார்க்கும்போது அது நோயா, ஊசியின் அடையாளமா என்று குழப்பம் வரும். ஊசி போட்ட கன்றையும் போடாத கன்றையும் அடுத்த வருடம் எதை வைத்துப் பிரிப்பீர்கள்? இரண்டும் செவலை, இரண்டும் ஒரே உயரம். வைத்தியர் கேட்டால் நாம் 'போட்டதுதான் ஐயா' என்று சொல்லிவிடுகிறோம். நம்பித்தான் சொல்கிறோம், ஆனால் தெரிந்து சொல்வதில்லை.

இங்கே நீங்கள் ஒன்று கேட்பீர்கள். மாடுகளுக்குக் குறி இருக்கிறதே, அது போதாதா?

குறியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறிசுடுதல் நமக்குத் தலைமுறைகளாக வந்த முறை. ஒரு காலத்தில் குடிக்கொரு குறி இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்திலும் குறிக்கு இடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்குக் குறி செய்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். 2007இல் போரால், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தபோது பட்டியை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினோம். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது மாடுகள் காட்டு மாடுகள் போலக் கலைந்து, ஐந்து பட்டி மாடுகள் ஒன்றாய்க் கலந்து நின்றன. தொடையில் இருந்த குறியைப் பார்த்துத்தான் மாமா எங்கள் மாடுகளைப் பிரித்தெடுத்தார். அந்த மாதங்களில் பிறந்து குறி படாமல் நின்ற கன்றுகளில் ஒன்றைக்கூட 'இது என்னுடையது' என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் கூடி, எந்தக் கன்று எந்த மாட்டில் பால் குடிக்கிறது என்று பார்த்துத் தீர்த்து வைத்தார்கள். பால் மறந்த கன்றுகளுக்கு அந்தத் தீர்ப்பும் இல்லை.

ஆனால் குறி சொல்வது ஒன்றே ஒன்றுதான், இது யாருடைய மாடு என்பது. எந்த மாடு என்பதை அது சொல்லாது. என் பட்டியில் ஒரே குறியோடு நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. தாய் யார், வயது என்ன, போன வருடம் என்ன ஊசி, கடைசிக் கன்று எப்போது என்பவை எல்லாம் குறியில் இல்லை. அவை இதுவரை மனிதரின் தலைக்குள்தான் இருந்தன.

எங்கள் பட்டியில் அந்தத் தலை மாமாவுடையது. அவர் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்புவரைதான் போனவர். ஆனால் விடியப்புறம் கன்றுகளை அடைத்திருக்கும் இடத்தின் கடப்பில் நின்று, 'சுட்டிச்சி', 'கோணக்கொம்பி', 'வெள்ளைவாலி' என்று ஒவ்வொன்றாய்க் கூப்பிடுவார். கூப்பிட்ட மாடு வரும், அதன் கன்றை மட்டும் திறந்து விடுவார். கன்று முட்டிப் பால் இறங்கியதும் கறக்கத் தொடங்குவார். எந்த மாடு எந்த மாட்டின் பேத்தி என்பதுகூட அவருக்குத் தெரியும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் செத்த மாடுகளின் பெயரையே வரிசையாகச் சொல்லுவார். 2019இல் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சு வரவில்லை. பட்டியில் நின்ற 71 மாடுகளின் வரலாறும் அந்த ஒரு காலையோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நம் பட்டிகள் எல்லாம் ஒருவருடையவை அல்ல. ஒரு பட்டியில் போடியார் (வயல் சொந்தக்காரர்) ஒருவரின் மாடு நிற்கும், கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற தம்பியின் மாடு நிற்கும், மகளுக்குச் சீதனமாகக் குறித்துவிட்ட நாகு நிற்கும், மேய்ப்பவர் பங்குக்குப் பெற்ற கன்றும் நிற்கும். எங்கள் பட்டியில் மூன்று குடும்பத்தின் பங்கு இருந்தது. மாமா எல்லாவற்றையும் நீதியாகத்தான் பிரித்துக் கொடுத்து வந்தார். அவர் விழுந்த பிறகு, இந்த மாட்டின் கன்றுகள் என் பங்கு என்று ஒரு வீட்டார் சொன்னார்கள். இல்லை, அது அக்காவுக்குக் கொடுத்த மாட்டின் வழி என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள். பொய் சொன்னவர் யாருமில்லை. எல்லோரும் தங்களுக்கு ஞாபகம் இருந்ததைச் சொன்னார்கள். முடிவில் தலைக்கு இத்தனை என்று எண்ணிப் பிரித்தோம். ஒரு வீட்டோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருந்திருந்தால் இந்தப் பகை வந்திருக்காது.

சரி, வீட்டுக்குள் இருந்ததைச் சொன்னேன். வெளியிலும் நமக்கு இதே குறைதான் இருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளியோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. செத்தவற்றை எண்ணினார்கள், புதைத்தார்கள். ஆனால் செத்தது கறவையா, சினையா, எத்தனையாவது ஈற்று, நாளுக்கு எத்தனை போத்தல் கறந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் தாளில் காட்ட முடிந்தது? 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல்தரை கேட்டுச் சித்தாண்டியில் றோட்டோரம் போராட்டம் இருந்தார்கள். மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன, வெடி வைத்த தீனியைக் கடித்துச் செத்தன என்று முறைப்பாடுகள் செய்தார்கள். நானும் அங்கே பல நாள் இருந்தவன். நம்முடைய பக்கம் உண்மை இருந்தது. ஆனால் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் மாட்டின் அடையாளம் என்ற இடத்தில் 'சிவப்புப் பசு, குறி உண்டு' என்றுதான் எழுதினோம். அம்பாறையில் வட்டமடுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மேய்ச்சல்தரை எத்தனை மாட்டுக்குத் தேவை என்று கேட்பவருக்கு நாம் 'ஆயிரக்கணக்கில்' என்று சொல்கிறோம். எத்தனை ஆயிரம் என்று இலக்கத்தோடு நீட்டினால் அந்தக் கதைக்கு வேறு கனம் வரும். சபைக்காரர் கட்டாக்காலி என்று பிடித்து அடைக்கும் மாட்டை மீட்கப் போகிறவருக்கும் இது தெரியும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாட்டுக்கும் அதற்கே உரிய ஓர் இலக்கம். அந்த இலக்கம் எழுதப்பட்ட ஒரு கொப்பி, பட்டிக்காரர் கையில். சங்கம் முன்னின்று இதைத் தொடங்க வேண்டும்.

நான் கடந்த மூன்று வருடமாகச் செய்து பார்த்ததை எழுதுகிறேன். பிழை விட்ட இடத்தையும் எழுதுகிறேன்.

முதலில் கழுத்துக் கயிற்றில் இலக்கம் எழுதிய பலகைத் துண்டு கட்டினேன். ஒரு மாதத்துக்குள் ஒரு நாகு கிளையில் மாட்டிக்கொண்டு இரவு முழுக்க நின்றது. நல்ல வேளை, கயிறு பழையது, இழுத்து அறுத்துக்கொண்டு வந்தது. காட்டில் மேயும் மாட்டின் கழுத்தில் அறுந்து போகாத எதையும் கட்டாதீர்கள். இலக்கத்தையும் சூட்டுக்கோலால் சுட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஒரு குறிக்கே அந்தக் கன்று படுகிற பாட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான்கு எழுத்துக்கு நான்கு சூடு வைக்க எனக்கு மனம் வரவில்லை. கன்றில் சுட்ட எழுத்து மாடு வளர வளர விரிந்து, 3ஆ 8ஆ என்று தெரியாமலும் போகும். குளிரால் குறி வைக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. திரவ நைதரசனில் தோய்த்த இரும்பை வைத்தால் அந்த இடத்து மயிர் வெள்ளையாய் முளைக்கும். நம் பட்டிகளில் வெள்ளையும் மயிலையும் நிறைய, அவற்றில் அது தெரியாது. தோலுக்குக் கீழே வைக்கும் சிப்பும், இரைப்பையில் தங்கும் குளிகையும் நல்லவைதான், ஆனால் வாசிக்கக் கருவி வேண்டும். மாதவணையில் அதற்கு யார் சார்ஜ் ஏற்றுவது?

மிஞ்சியது காதுத் தகடு. இரண்டு துண்டாக வரும் பிளாஸ்ரிக் தகடு. காதின் பின்பக்கத்திலிருந்து ஊசித் துண்டு நுழைந்து முன்பக்கத்து இலக்கத் துண்டில் பூட்டிக்கொள்ளும். இதைக் குத்தும் இடம்தான் முக்கியம். காதை விரித்துப் பார்த்தால் தடித்த குருத்து வரிகள் இரண்டு ஓடுவது கைக்குத் தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில், இரத்தக் குழாய் இல்லாத இடத்தில் குத்த வேண்டும். நுனிக்குக் கிட்டக் குத்தினால் சூரை முள்ளில் மாட்டிக் கிழியும். கன்றின் காது வளரும், ஆகவே தகடு காதோடு ஒட்டி இறுகாமல் விரல் போகிற இடைவெளி வேண்டும். குத்தும் முன்பும் குத்திய பின்பும் மருந்து போட்டு, பத்து நாள் தினமும் பார்க்க வேண்டும்.

நான் விட்ட பெரிய பிழை, முதல் வருடம் கார்த்திகையில் குத்தியது. பட்டி காட்டுக்குப் போகும் முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். மாரி ஈரத்தில் ஈ மொய்த்து ஆறு கன்றுகளின் காதில் புழு வைத்தது. ஒரு கன்றுக்குக் காதே போய்விட்டது. அதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கவலைதான். அடுத்த வருடத்திலிருந்து சித்திரைக்குப் பிறகு, மாடுகள் வயல் தாளில் நிற்கும் வெயில் மாதங்களில் மட்டும் குத்துகிறேன். ஒன்றும் பழுதாகவில்லை.

தகடு விழத்தான் செய்யும். என் பட்டியில் முதல் வருடத்திலேயே விழுந்தது. அதனால் இப்போது இரண்டு காதிலும் ஒரே இலக்கத்தைப் போடுகிறேன். ஒன்று விழுந்தால் மற்றதைப் பார்த்து அதே இலக்கத்தில் புதிது எழுதிப் போடலாம். இரண்டும் விழுந்தால்? அதற்குத்தான் போன். ஒவ்வொரு மாட்டையும் இடப்பக்கம், வலப்பக்கம், முகம் என்று மூன்று படம் எடுத்து வைத்திருக்கிறேன். நான்காவது படம் மூக்கு. மாட்டின் மூக்கு நுனியில் உள்ள வரிகளும் புள்ளிகளும் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது மற்றதற்கு இருக்காது, சாகும்வரை மாறாது. ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டுக் கிட்டப் பிடித்து எடுத்தால் வரி தெளிவாக விழும். கன்றின் நிறம் வளரும்போது மாறும், கொம்பும் பிறகுதான் வரும், ஆகவே உடல் படங்களை மட்டும் இரண்டு வயதில் மறுபடி எடுக்க வேண்டும்.

இலக்கம் எப்படிப் போடுவது? நான் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தையும் அந்த வருடத்துக் கன்று வரிசையையும் சேர்த்து எழுதுகிறேன். 2024இல் பிறந்த ஏழாவது கன்று 2407. தகட்டைப் பார்த்ததும் வயது தெரிந்துவிடும், பல்லைப் பிளந்து பார்க்கத் தேவையில்லை. பிறந்த வருடம் தெரியாத பழைய மாடுகளுக்கு 00 என்று தொடங்கினேன். செத்த மாட்டின், விற்ற மாட்டின் இலக்கத்தை வேறு மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொப்பி முழுக்கக் குழம்பிவிடும். இதில் சங்கத்தின் வேலை ஒன்று இருக்கிறது. என் 2407உம் அடுத்த பட்டி 2407உம் தாளில் மேயும்போது கலந்துவிடும். ஊருக்கு ஓர் எழுத்து, பட்டிக்கு ஓர் இலக்கம் என்று சங்கம் பதிந்து கொடுத்தால், 'க5-2407' என்று மாவட்டம் முழுவதிலும் ஒரே ஒரு மாடுதான் இருக்கும். கால்நடைத் திணைக்களம் தன் இலக்கத்தோடு தகடு தந்தால் அதையும் அதே வரியில் எழுதிக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

கொப்பியில் மாட்டுக்கு ஒரு பக்கம். மேலே இலக்கம், தாயின் இலக்கம், பங்காளி யார், நிறம், கொம்பு, மாமா வைத்த மாதிரிப் பெயர். பெயரை விட்டுவிடாதீர்கள், மாட்டைக் கூப்பிடுவது பெயரால்தான். கீழே நடந்தவற்றை நாளோடு எழுதுவது: சினைப்பட்டது, ஈன்றது, வீசியது, ஊசி, நோய், இரத்த முடிவு, விற்றது, செத்தது. அவ்வளவுதான். நாள் தோறும் எழுத வேண்டியதில்லை, ஏதாவது நடந்த நாளில் எழுதினால் போதும். என் மகள்தான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல.

இந்தக் கொப்பி எனக்கு நோயைத் தவிர வேறு விஷயங்களையும் காட்டியது. என் பட்டியில் நல்ல மாடு என்று நான் பெருமைப்பட்ட ஒரு பசு இரண்டு வருடத்துக்கு ஒரு கன்றுதான் போடுகிறது. யாரும் கவனிக்காத ஒரு சின்னக் கறுப்பி பதின்மூன்று, பதினான்கு மாதத்துக்கு ஒன்று போடுகிறது. அதன் நாகுக் கன்றை நான் முதல் வருடம் அவசரச் செலவுக்கு விற்றுவிட்டேன். எழுதி வைத்திருந்தால் விற்றிருக்க மாட்டேன். நாம்பனின் கதையும் அப்படித்தான். ஒரே நாம்பன் ஏழு வருடம் பட்டியில் நின்று தன் மகள்களோடும் சேர்ந்திருக்கிறது என்பது தாயின் இலக்கத்தை எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. மாற்றிவிட்டேன். பிறகு மருந்து ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் சேர்க்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லுவார் அல்லவா? இரண்டு பேர் மாறி மாறிக் கறக்கும் பட்டியில், எந்த மாட்டுக்குப் போட்டது என்று மற்றவருக்கு இலக்கம்தான் சொல்லும்.

உங்களில் பலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் சொன்னவன்தான்.

மாட்டை எண்ணினால் கண்ணூறு படும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் அம்மா இன்றும் சொல்கிறார். அவரோடு நான் வாதாடவில்லை. பட்டிப்பொங்கல் அன்று பொங்கி, படைத்து, மாடுகளுக்கு நாவூறு கழித்த பிறகுதான் கொப்பியைத் திறந்து சரிபார்க்கிறோம். அன்றைக்கு எல்லா மாடும் பட்டியில் நிற்கும், பங்காளிகளும் வருவார்கள். எல்லோர் முன்னிலையிலும் வாசித்தால் பிறகு பேச்சு வராது. அம்மாவுக்கும் இதில் சம்மதம்.

எழுதிக் கொடுத்தால் அரசாங்கம் மாட்டைக் குறைக்கச் சொல்லும், வரி போடும் என்ற பயம் இன்னொன்று. இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. நம் மக்கள் பட்டியலில் பெயர் இருந்ததால் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதனால்தான் கொப்பி பட்டிக்காரர் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். சங்கத்திடம் பட்டியின் இலக்கம் மட்டும் இருந்தால் போதும். வைத்தியர் வரும்போது காட்டுவோம், நட்டஈடு கேட்கும்போது நாமே பிரதி எடுத்துக் கொடுப்போம். கொடுப்பதா இல்லையா என்பது நம் கையில்.

வாசிக்கத் தெரியாதவர் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். காட்டில் நிற்பவர் எழுத வேண்டியதில்லை. தகட்டைப் படம் எடுத்து, நடந்ததைக் குரலில் சொல்லி அனுப்பினால் வீட்டில் ஒரு பிள்ளை எழுதும். சிக்னல் இல்லாத இடமென்றால் பால் வண்டியோடு வருபவரிடம் சொல்லிவிட்டாலும் சரி.

கால்நடை வைத்தியர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஐயா, அம்மா, நீங்கள் ஒரு வாகனத்தோடும் சில உதவியாளர்களோடும் இவ்வளவு பெரிய பிரதேசத்தைச் சுற்றுவது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது சிறியது. ஊசி போடும் நாளில் கொப்பியில் அந்த மாட்டின் வரியில் மருந்தின் பெயரையும் நாளையும் தமிழில் எழுதிக் கையொப்பமிடுங்கள். இரத்தக் குப்பியில் 1, 2, 3 என்று எழுதாமல் காதில் இருக்கிற இலக்கத்தையே எழுதுங்கள். விழுந்த தகடுக்குப் பதில் தகடு கிடைக்க ஒரு வழி செய்யுங்கள். நம் நாட்டு மாட்டின் காது சின்னது, பெரிய சீமை மாட்டுக்குச் செய்த கனத்த தகடு அதைத் தொங்க வைத்துக் கிழித்துவிடுகிறது. சின்னத் தகடாகத் தருவித்துத் தாருங்கள்.

ஏறாவூர், ஓட்டமாவடி, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்துப் பட்டிக்காரர்களும் இதில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். மாடுகள் நம் ஊர் எல்லையையோ சாதி சமயத்தையோ பார்த்து மேய்வதில்லை, தாளில் எல்லாம் கலந்துதான் நிற்கின்றன. நோயும் அப்படித்தான் தாண்டும். 2020இல் வடக்கில் முதலில் தெரியவந்த தோல் கழலை நோய் பிறகு மற்றப் பக்கங்களுக்கும் பரவியதை நாம் பார்த்தோம்.

இந்த வருடம் சித்திரை முடிந்து பட்டிகள் வயல் தாளில் நிற்கும்போது, சங்கத்துக்கு மூன்று பட்டி என்று எடுத்துத் தொடங்குவோம். தகடு குத்தும் இடுக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்கும் பட்டிக்கு நானே கொண்டுவந்து, கையைப் பிடித்துக் காட்டித் தருகிறேன். முதல் நாள் மாட்டைப் பிடிக்க நான்கு பேர் வேண்டும், விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும் முன் நாற்பது மாட்டை முடிக்கலாம். கொப்பியின் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரதி எடுத்துச் சங்கச் செயலாளர்களிடம் கொடுத்திருக்கிறேன், அதில் கூட்ட வேண்டியது, குறைக்க வேண்டியது இருந்தால் எழுதித் தாருங்கள். முக்கியமாக மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மாமா இப்போதும் வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறார். கொப்பியைக் கொண்டுபோய் மாட்டுப் படங்களைக் காட்டினால் சிலதுக்குத் தலையாட்டுகிறார், சிலதைக் கையால் தள்ளுகிறார். அப்படிக் கேட்டுக் கேட்டே பதினொரு மாடுகளுக்குத் தாயின் இலக்கத்தை நிரப்பியிருக்கிறோம். இன்னும் நிறைய வெற்றிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கரடியனாற்றுப் பட்டிக்காரன் ஒருவன்